வாய்க்காலும் தண்ணீரும்: ஒரு புதிய அறிவியல் பரவிய தடத்தை வரைவது எப்படி?

1987இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிசுமி இஷினோவும் அவருடைய குழுவினரும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதன் அருகே டிஎன்ஏவின் ஒரே எழுத்துக்கோவை, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. எதற்கென்று தெரியவில்லை. கட்டுரையின் இறுதியில் அதைப் பதிவு செய்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். 1993இல் ஸ்பெயினின் அலிகாண்டே பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ்கோ மொஹிகா, உப்பளத்து நுண்ணுயிர் ஒன்றில் அதே போன்ற அமைப்பைக் கண்டார். 2007இல் தயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் உறை ஊற்றும் பாக்டீரியாவைத் தயாரித்துவந்த டானிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வைரஸிடமிருந்து பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்று சோதனையில் நிறுவினார்கள். 2012இல் அதுவே டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியாயிற்று. 2013 ஜனவரியில் மனித உயிரணுவுக்குள் வேலை செய்தது. 2020இல் அதை உருவாக்கிய ஷார்பான்டியே, டவுட்னா இருவருக்கும் நோபல் பரிசு பெற்றுத்தந்தது. இன்று அதைக் கிரிஸ்பர் என்கிறோம்.

உப்பளத்திலிருந்து தயிருக்கு, தயிரிலிருந்து மருத்துவ ஆய்வகத்துக்கு இந்த அறிவு எந்த வழியாக நடந்து போயிற்று? யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்? இதைக் கண்டறிய ஆய்வாளர்களின் கூட்டு எழுத்தை வரைபடமாக்கிப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி; இருவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தால் இடையே ஒரு கோடு. மென்பொருளும் தரவும் இலவசமாகக் கிடைப்பதால், நூலக அறிவியல், சமூகவியல், இதழியல் படிக்கும் மாணவர்கள்கூட ஒரு மாலையில் வண்ணமயமான படத்தை உருவாக்கிவிட முடிகிறது.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். கூட்டாக எழுதிய கட்டுரை ஒரு வாய்க்காலைக் காட்டுகிறது. வாய்க்கால் இருப்பதால் மட்டும் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகப் பொருளில்லை. வாய்க்கால் இல்லாத வயலிலும் மழை பெய்யும். இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கிரிஸ்பரையே எடுத்துக்காட்டாக வைத்து, படிப்படியாகப் போவோம்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"அறிவு எப்படிப் பரவுகிறது?" என்று தொடங்கினால் எந்தத் தரவும் போதாது. "2007க்கும் 2013க்கும் இடையில் கிரிஸ்பர் பற்றிய அறிவு, பால்பொருள் ஆய்வாளர்களிடமிருந்து மரபணு ஆய்வாளர்களுக்குப் போனதில் கூட்டு எழுத்தின் பங்கு எவ்வளவு?" என்று கேட்டால் பதில் தேட முடியும். ஆண்டு எல்லை, துறை எல்லை, எந்த வழியைச் சோதிக்கிறோம் என்பது ஆகிய மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். அதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வேலையின் நடுவே கேள்வி மாறும்; மாறட்டும். மாறியதை அதே தாளில் தேதியுடன் குறித்துவையுங்கள்.

கணினியைத் தொடுவதற்கு முன் ஒன்பது கட்டுரைகளைக் கையால் வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பலர். தயவுசெய்து குதிக்காதீர்கள். ஆயிரம் கட்டுரைகளை மென்பொருளில் கொட்டினாலும் கிடைக்காத புரிதல் ஒன்பதே கட்டுரைகளில் கிடைக்கும்.

ஒரு பெரிய தாளும் நான்கு நிறப் பேனாக்களும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்பரின் வரலாற்றில் முக்கியமான இந்தக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலைத் தேடி எடுங்கள்:

2007: பராங்கூ, ஓர்வாத், முவானோ முதலிய 8 பேர். டானிஸ்கோவும் கனடாவின் லவால் பல்கலைக்கழகமும்.
2008: மராஃபினி, சோன்தைமர் என்று 2 பேர் மட்டும்.
2010: மீண்டும் முவானோ, பராங்கூ, ஓர்வாத் முதலிய 10 பேர்.
2011: பராங்கூ, ஓர்வாத்துடன் லித்துவேனியாவின் வில்னியஸைச் சேர்ந்த சிக்ஷ்னிஸ் முதலிய 6 பேர்.
2011: ஷார்பான்டியே, ஹிலின்ஸ்கி, ஃபோகல் முதலிய 9 பேர்.
2012 ஜூன்: யீனெக், ஹிலின்ஸ்கி, டவுட்னா, ஷார்பான்டியே முதலிய 6 பேர்.
2012 செப்டம்பர்: கசியூனஸ், பராங்கூ, ஓர்வாத், சிக்ஷ்னிஸ் என்று 4 பேர்.
2013 ஜனவரி: மராஃபினி, ஃபெங் ஜாங் முதலிய 11 பேர்.
2013 ஜனவரி: ஜார்ஜ் சர்ச் குழுவின் 8 பேர்.

ஒரு கட்டுரையில் உள்ள எல்லோரையும் எல்லோருடனும் இணைக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் 1 கோடு. ஆறு பேர் என்றால் 15. பதினொரு பேர் என்றால் 55. ஒரே பெயர் இரண்டு கட்டுரைகளில் வந்தால் புதுப் புள்ளி வைக்காதீர்கள். பழைய புள்ளியிலிருந்தே கோடு இழுங்கள்.

முடித்ததும் தாளைச் சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். 48 புள்ளிகள். நான்கு தனித்தனித் தீவுகள். டானிஸ்கோ, லவால், வில்னியஸ் சேர்ந்த தீவில் 15 பேர். ஷார்பான்டியே, டவுட்னா, ஃபோகல் இருக்கும் தீவில் 13 பேர். மராஃபினி நடுவில் நின்று சோன்தைமரையும் ஜாங்கின் குழுவையும் சேர்க்கும் தீவில் 12 பேர். சர்ச் குழு தனியாக 8 பேர். தீவுக்குத் தீவு ஒரு கோடுகூட இல்லை.

ஆனால் அறிவு தீவு விட்டுத் தீவு போயிருக்கிறது. அதில் ஐயமே இல்லை. 2013இன் இரண்டு கட்டுரைகளும் 2012 ஜூன் கட்டுரையை மேற்கோள் காட்டுகின்றன. 2012 ஜூன் கட்டுரை 2007 கட்டுரையின் மீது நிற்கிறது. ஆக, இந்தத் துறையின் மிகப் பெரிய பாய்ச்சல்கள் கூட்டு எழுத்து என்ற வாய்க்கால் இல்லாமலேயே நிகழ்ந்திருக்கின்றன. அச்சேறிய கட்டுரையைப் படித்துக் கற்றுக்கொண்டார்கள். மழை பெய்தது.

இப்போது பத்தாவதாக ஒரு கட்டுரையைச் சேருங்கள். 2011இல் மகரோவா, கூனின் முதலிய 12 பேர் கிரிஸ்பர் அமைப்புகளை வகைப்படுத்தி, பெயரிட்டு ஒரு தொகுப்புரை எழுதினார்கள். அதில் பராங்கூ, ஓர்வாத், முவானோ இருக்கிறார்கள், ஷார்பான்டியே இருக்கிறார், மொஹிகாவும் இருக்கிறார். இந்த ஒரே கட்டுரையைச் சேர்த்தவுடன் முதல் இரண்டு தீவுகளும் ஒன்றாகிவிடுகின்றன! நான்கு தீவுகள் மூன்றாகின்றன. தரவுத்தளத்தில் "ஆய்வுக் கட்டுரைகள் மட்டும்" என்ற பெட்டியில் நீங்கள் இடும் ஒரு குறி, தொகுப்புரைகளை வடிகட்டி, உலகத்தையே வேறு மாதிரி காட்டிவிடும். கையால் வரைந்தவருக்கு இது கண்ணில் படும். மென்பொருளில் நேராக இறங்கியவருக்குப் படாது.

பெயர் பிறப்பதற்கு முன்பே பொருள் பிறந்துவிடும்

அடுத்து, பெரிய தரவைத் தேட வேண்டும். தேடுசொல்லில்தான் புதிய துறைகள் நம்மை ஏமாற்றுகின்றன. "கிரிஸ்பர்" என்று தேடினால் இஷினோவின் 1987 கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல் கிடையாது. 2000இல் மொஹிகா எழுதிய கட்டுரையிலும் கிடையாது. அவர் அப்போது வேறொரு சுருக்கப் பெயர் வைத்திருந்தார். கிரிஸ்பர் என்ற பெயர் அச்சில் வந்தது 2002இல், நெதர்லாந்தின் ருட் யான்சென் முதலிய நால்வர் எழுதிய கட்டுரையில். பெயரை மொஹிகாவும் யான்செனும் கடிதத் தொடர்பில் பேசி முடிவு செய்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் மொஹிகா இல்லை. ஒரு துறையின் பெயரே கூட்டு எழுத்தின் கோட்டுக்கு வெளியே பிறந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆகவே தேடலை இரண்டு சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் இன்றைய பெயரைக் கொண்டு தேடுங்கள். கிடைத்த கட்டுரைகளில் மிகப் பழையவற்றை எடுத்து, அவை யாரை மேற்கோள் காட்டுகின்றன என்று பின்னோக்கிப் போங்கள். அங்கே பழைய பெயர்கள் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் அந்தப் பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். கிராஃபீன், குவாண்டம் கணினி, நுண்ணுயிர்த்தொகுதி என எந்தத் துறையானாலும் இந்த முறை பொருந்தும்.

எதிர்ப் பக்கத்துச் சிக்கலும் உண்டு. 2013க்குப் பிறகு "கிரிஸ்பர்" என்ற சொல், கருவியை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களின் கட்டுரைகளிலெல்லாம் வருகிறது. கத்தரிக்கோல் செய்யத் தெரிந்தவரும் கத்தரிக்கோலால் துணி வெட்டுகிறவரும் ஒரே படத்தில் விழுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இருவரும் வேண்டுமா என்று முடிவு செய்து, வேண்டாமென்றால் தலைப்பில் அந்தச் சொல் வரும் கட்டுரைகளை மட்டும் எடுங்கள்.

எங்கிருந்து எடுப்பது

ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் சந்தா கட்டினால்தான் திறக்கும். உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கவலை வேண்டாம். மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் இலவசம். எல்லாத் துறைக்கும் ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஆய்வுத் தரவுத்தளத்தை 2021 இறுதியில் மூடியபோது, அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது அது. அலெக்சாந்திரியாவின் பழைய நூலகத்தை நினைவில் வைத்து இட்ட பெயர். தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இறக்கிய கோப்பில் கட்டுரை எண், வெளியான தேதி, தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆசிரியர் அடையாள எண், நிறுவனம், மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்த நாளில், எந்தத் தேடுசொல்லால், எந்த வடிகட்டியுடன் இறக்கினீர்கள் என்பதை ஒரு தனிக் கோப்பில் எழுதிவையுங்கள். இந்தத் தரவுத்தளங்கள் நாள்தோறும் மாறுகின்றன. ஆறு மாதம் கழித்து உங்கள் எண்ணிக்கை ஏன் மாறியது என்று ஆய்வு வழிகாட்டி கேட்டால், அந்தக் கோப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

பெயர்களைத் துப்புரவாக்குதல்

மொத்த உழைப்பில் பெரும்பங்கு இங்கே போகும். சலிப்பான வேலை, ஆனால் இதில் பிழை செய்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பொய்.

இரண்டு வகைப் பிழைகள் உண்டு. ஒருவரே இருவராகப் பிரிவது ஒன்று. மொஹிகாவின் முழுப்பெயர் ஃபிரான்சிஸ்கோ ஹுவான் மார்த்தினெஸ் மொஹிகா. ஸ்பானிய வழக்கப்படி இரண்டு குடும்பப் பெயர்கள். ஓரிடத்தில் மார்த்தினெஸின் கீழும் இன்னோரிடத்தில் மொஹிகாவின் கீழும் பதிவாகலாம். சிக்ஷ்னிஸின் பெயரில் லித்துவேனிய எழுத்துக்குறிகள் உண்டு. குறியுடன் ஒருவர், குறியில்லாமல் ஒருவர் என்று கணினி எடுத்துக்கொள்ளலாம். இப்படிப் பிரிந்தால், இரண்டு குழுக்களை இணைத்த ஒரே மனிதர் இரண்டாகப் பிளந்து, பாலம் மறைந்துவிடும்.

பலர் ஒருவராகச் சேர்ந்துவிடுவது மற்றொன்று. சீனக் குடும்பப் பெயர்களில் ஜாங் மிகப் பரவலானது. ஃபெங்கும் அரிதான பெயர் அல்ல. முதலெழுத்தை மட்டும் வைத்து இணைத்தால் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு துறைகளில் இருக்கும் பல ஜாங்குகள் ஒரே பெரும்புள்ளியாகி, உலகம் முழுவதும் கைகோத்த மாமனிதர் ஒருவர் படத்தின் நடுவில் தோன்றுவார். அப்படி ஒருவர் இல்லை.

நம் தமிழ்ப் பெயர்களிலும் இரண்டு சிக்கல்களும் சேர்ந்தே வருகின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான் நம் வழக்கம். எஸ். முருகன் என்று உள்ளூர் இதழில் எழுதியவர், வெளிநாட்டு இதழில் தந்தை பெயரை விரித்து முருகன் செல்வராஜ் ஆகிறார். அங்கே அவருடைய தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. மறுபுறம், எஸ். முருகன் என்ற பெயரில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள துறை ஒன்றை வரைபவர்கள் இதற்கென்றே தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் தரவுத்தளம் தரும் ஆசிரியர் எண்ணிலிருந்து தொடங்கி, அதிகக் கோடுகள் உள்ள முதல் ஐம்பது பேரைக் கண்ணால் சரிபாருங்கள். ஐயம் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: நிறுவனம் ஒத்துப்போகிறதா, கூட்டாளிகள் ஒத்துப்போகிறார்களா, பொருள் ஒத்துப்போகிறதா? குறைந்தது இரண்டு ஒத்தால் ஒருவர் என்று கொள்ளுங்கள். மூன்றில் எதுவும் தெளிவாக இல்லையென்றால் பிரித்தே வையுங்கள். ஐயத்தை அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் குறியுங்கள்.

கோட்டுக்குக் கனம் கொடுத்தல்

2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து ஜெனீவாவின் இரண்டு பெரும் ஆய்வுக் கூட்டணிகள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். எல்லோரையும் எல்லோருடனும் இணைத்தால் ஒரே கட்டுரையிலிருந்து 1,32,79,281 கோடுகள் கிளம்பும். அவர்களில் பெரும்பாலோர் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கவே மாட்டார்கள்.

இதற்கு 2001இல் இயற்பியலாளர் மார்க் நியூமன் ஓர் எளிய வழி சொன்னார்: ஒரு கட்டுரையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதில் ஒன்றைக் கழித்து, 1ஐ அதனால் வகுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் கொடுங்கள். நம் தாளுக்கே வருவோம். பராங்கூவும் ஓர்வாத்தும் நான்கு கட்டுரைகளில் சேர்ந்திருக்கிறார்கள். 8, 10, 6, 4 பேர் கொண்டவை. அவர்கள் கோட்டின் கனம் 1/7 + 1/9 + 1/5 + 1/3, அதாவது ஏறத்தாழ 0.79. மராஃபினியும் சோன்தைமரும் சேர்ந்தது ஒரே கட்டுரையில். ஆனால் இருவர் மட்டுமே. கனம் 1. நான்கு கட்டுரைகளைவிட ஒன்று மேல் என்கிறது கணக்கு!

இது சரியா? எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இருவர் மட்டும் உட்கார்ந்து எழுதும்போது பேச்சு ஆழமாக இருக்கும் என்பது உண்மை. நான்கு வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் சேர்ந்து உழைப்பதும் ஆழம்தான். கோட்டுக்கு இரண்டு எண்கள் வைத்துக்கொள்ளுங்கள்: நியூமன் கனம் ஒன்று, சேர்ந்து எழுதிய ஆண்டுகளின் எண்ணிக்கை ஒன்று. இரண்டிலும் படம் ஒரே மாதிரி பேசினால் நம்பலாம்.

காலத்தை வெட்டிப் பாருங்கள்

எல்லா ஆண்டுகளையும் ஒரே படத்தில் குவித்தால் பரவல் தெரியாது, கலவைதான் தெரியும். 2002–2006, 2007–2009, 2010–2011, 2012, 2013 என்று துண்டு போடுங்கள். துறை மெதுவாக நடந்த காலத்துக்கு அகலமான துண்டு, ஓடிய காலத்துக்குக் குறுகிய துண்டு. ஒவ்வொரு துண்டிலும் மிகப் பெரிய தீவில் எத்தனை விழுக்காடு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். சிதறிக் கிடந்த குழுக்கள் திடீரென்று ஒரே பெருந்தீவாகச் சேரும் கட்டத்தை, ஒரு துறை உருப்பெற்றதன் அடையாளமாகச் சில ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

தேதியில் ஒரு கண் வையுங்கள். வில்னியஸ் குழு தன் கட்டுரையை 2012 ஏப்ரலிலேயே ஓர் இதழுக்கு அனுப்பியது. மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பி வந்தது. வேறோர் இதழில் செப்டம்பரில்தான் அச்சானது. ஜூனில் டவுட்னா, ஷார்பான்டியே குழுவின் கட்டுரை வந்துவிட்டது. வெளியீட்டுத் தேதியை மட்டும் பார்த்தால் வில்னியஸ் பின்னால் வந்ததாகத் தோன்றும். மொஹிகா 2003இல் கண்டதும், பல இதழ்கள் மறுத்ததால், 2005இல்தான் அச்சேறியது. கட்டுரையின் முதல் பக்கத்தில் "பெறப்பட்ட நாள்" என்று இருந்தால் அதை ஒரு தனி நெடுவரிசையில் ஏற்றுங்கள். அதுகூட முழு உண்மையைச் சொல்லாது. வேறோர் இதழ் மறுத்த பிறகு வந்த நாளாக இருக்கலாம். ஆனாலும் வெளியீட்டுத் தேதியைவிட மேல்.

தண்ணீர் ஓடியதா என்று சோதித்தல்

இதுவரை செய்தது வாய்க்கால் வரைபடம். பரவலைப் பற்றிப் பேச இந்தப் படி வேண்டும். எனக்குத் தெரிந்து, படம் போட்டுவிட்டு இதைச் செய்யாமல் முடித்துவிடும் ஆய்வேடுகள்தான் அதிகம்.

ஒவ்வோர் ஆண்டும் கிரிஸ்பர் பற்றி முதன்முறையாக எழுதியவர்களைப் பட்டியலிடுங்கள். அவர்களைப் புது வரவு என்போம். ஒவ்வொரு புது வரவையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போடுங்கள். முதல் கூடை: ஏற்கெனவே இத்துறையில் எழுதியவர் ஒருவருடன் சேர்ந்தே தன் முதல் கட்டுரையை எழுதியவர். இரண்டாம் கூடை: முதல் கட்டுரையில் பழையவர் யாரும் இல்லை, ஆனால் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வேறு பொருளில் பழையவர் ஒருவருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார். மூன்றாம் கூடை: எந்தத் தொடர்பும் இல்லாமல் வந்தவர். இரண்டாம் கூடைக்கு அவர்களுடைய மற்றக் கட்டுரைகளும் தேவைப்படும். ஆசிரியர் எண்ணைக் கொடுத்து ஓப்பன்அலெக்ஸில் எடுக்கலாம்.

நம் தாளில் ஜாங்கின் குழுவினர் மராஃபினியுடன் சேர்ந்தே வருகிறார்கள், முதல் கூடை. சர்ச் குழுவினருக்கு இந்தத் தாளில் எந்தத் தொடர்பும் இல்லை. முழுத் தரவு வரும்வரை மூன்றாம் கூடை.

பிறகு ஒப்பிட வேண்டும். முதல் இரண்டு கூடைகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் மட்டும் கூட்டு எழுத்து வழியே பரவியது என்று சொல்லிவிட முடியாது. ஒரே துறையில் இருப்பவர்கள் எப்படியும் ஒருவரோடு ஒருவர் எழுதியிருப்பார்கள். அதனால், அதே துறையில், அதே ஆண்டுகளில், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் கட்டுரைகள் எழுதி, ஆனால் கிரிஸ்பர் பக்கம் வராதவர்களை எடுங்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பழையவர்களுடன் தொடர்பு இருந்தது? புது வரவுகளின் விகிதம் இதைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் மட்டுமே வாய்க்காலில் தண்ணீர் ஓடியிருக்கலாம் என்று எழுதுங்கள். "ஓடியிருக்கலாம்" என்றே எழுதுங்கள். ஒரே ஆர்வம் உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்வதும், சேர்ந்ததால் ஒரே ஆர்வம் வருவதும் இந்தத் தரவில் முழுதாகப் பிரியாது.

1964லேயே கோஃப்மனும் நியூவிலும் கருத்துப் பரவலை நோய்ப் பரவலின் சமன்பாடுகளால் விளக்க முயன்றார்கள். பின்னர் ஃபெய்ன்மன் வரைபடங்கள் என்ற கணக்கிடும் முறை இயற்பியலாளர்களிடையே பரவியதையும் இவ்வாறு ஆராய்ந்தார்கள். சுவையான வழிதான். தொடக்கத்தில் அதற்குப் போக வேண்டாம். கூடைகளைச் சரியாக எண்ணக் கற்ற பிறகு போகலாம்.

மென்பொருளும் அதன் முன்னமைவுகளும்

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான வோஸ்வியூவர் ஏற்றது. கெஃபியில் படத்தை நம் விருப்பப்படி அடுக்கலாம். பைத்தான் தெரிந்தால் கணக்குகள் கைக்குள் வந்துவிடும்.

வோஸ்வியூவரில் இரண்டு முன்னமைவுகளை, அதாவது நாம் மாற்றாவிட்டால் தானாக இருக்கும் அமைப்புகளை, கவனிக்காமல் விடாதீர்கள். ஐந்து கட்டுரைகளுக்குக் குறைவாக எழுதியவரை அது இயல்பாகவே விட்டுவிடும். புதிதாகப் பிறக்கும் துறையில் ஐந்து கட்டுரைகள் எழுதியவர்கள் ஆய்வகத் தலைவர்கள்தான். அறிவைக் கையில் சுமந்து சென்றவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். நம் தாளில் ஷார்பான்டியேவின் 2011 கட்டுரையையும் 2012 ஜூன் கட்டுரையையும் இணைப்பவர்கள் இருவர்: ஷார்பான்டியேவும், அவருடைய ஆய்வு மாணவராக வியன்னாவில் இருந்த ஹிலின்ஸ்கியும். ஷார்பான்டியேவை அழித்துப் பாருங்கள். ஹிலின்ஸ்கி வழியாகத் தீவு அறுபடாமல் நிற்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் டவுட்னாவின் ஆய்வகத்தில் இருந்த யீனெக்கும் ஹிலின்ஸ்கியும் போலிஷ் மொழியில் பேசிக்கொள்ள முடிந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. எல்லையை ஐந்தில் வைத்தால் இப்படிப்பட்டவர்களைப் படம் தொலைத்துவிடும். ஒன்றில் அல்லது இரண்டில் வையுங்கள். 25 பேருக்கு மேல் எழுதிய கட்டுரைகளையும் அது ஒதுக்கும். உங்கள் துறைக்கு அது சரியா என்று பார்த்து மாற்றுங்கள்.

இடைநிலை மதிப்பு (betweenness) என்ற அளவு, யார் வழியாகப் பாதைகள் அதிகம் போகின்றன என்று சொல்லும். நம் தாளில் மராஃபினிக்கு அது உயர்ந்திருக்கும். அவரை நீக்கினால் சோன்தைமர் தனியாகிவிடுவார். இந்த எண் பெரிதாக வந்தவரைப் பார்த்ததும் "இவர்தான் பரப்பினார்" என்று எழுதிவிடாதீர்கள். பெயர்ப் பிழையா என்று முதலில் பாருங்கள். பிறகு அவருடைய கட்டுரைகளை எடுத்துப் படியுங்கள். தண்ணீரைக் காண வேறு வழி இல்லை.

படத்துக்கு வெளியே நடந்தவை

இஷினோவின் கட்டுரை மொஹிகாவை அடைந்தது நூல் தேடலில். டவுட்னா கிரிஸ்பரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது 2006இல், அதே பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில்லியன் பான்ஃபீல்ட் தொலைபேசியில் அழைத்து, பிறகு ஒரு காபிக் கடையில் விளக்கியபோது. டவுட்னாவும் ஷார்பான்டியேவும் சந்தித்தது 2011 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோ மாநாட்டில். ஓராண்டு கழித்துத்தான் கட்டுரை வந்தது. 2013க்குப் பிறகு கிரிஸ்பர் உலகெங்கும் இவ்வளவு விரைவாகப் போனதில், ஆய்வகங்கள் தங்கள் டிஎன்ஏ வளையங்களை ஒப்படைக்க, வேண்டுவோருக்கு அனுப்பிவைக்கும் ஆட்ஜீன் என்ற லாப நோக்கற்ற அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தபாலில் வந்த சிறு குப்பியில் அறிவு இருந்தது. இணையாசிரியர் பட்டியலில் அது வராது.

இவற்றையும் படத்தில் சேர்க்க வழி உண்டு. முக்கியமான இருபது கட்டுரைகளின் நன்றியுரைப் பகுதியைப் படித்து, அதில் வரும் பெயர்களைப் புள்ளிக்கோடாக இழுங்கள். செய்முறைப் பகுதியில், எந்த ஆய்வகத்தின் பொருளைப் பயன்படுத்தினார்கள் என்று இருக்கும். அதை அம்புக்குறியாக இடுங்கள், கொடுத்தவரிலிருந்து வாங்கியவருக்கு. மாநாட்டு நிகழ்ச்சி நிரல் கிடைத்தால், ஒரே அமர்வில் பேசியவர்களை வேறு நிறத்தில் இணையுங்கள். நூலகமும் காபிக் கடையும் பெரும்பாலும் பேட்டிகளில்தான் அகப்படும். ஆய்வாளர் ஒருவருக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சல் எழுதி, "இதை நீங்கள் முதலில் யாரிடமிருந்து கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால், எந்த வகைக் கோடு, எந்த ஆண்டு, யார் சொன்னது என்ற மூன்றையும் அதே அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்து, சுவரில் மாட்டிய தாளிலும் அந்தக் கோட்டை இழுத்துவிடுங்கள்.